இலவசத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ சேவையைத் தொடங்கியபோது பேச்சும் டேட்டாவும் இலவசம். டிசம்பரோடு முடிய வேண்டிய சலுகை வேறொரு பெயரில் 2017 மார்ச் 31 வரை நீண்டது. ஜியோ அடக்கவிலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளர்களை ஒழிக்கப் பார்க்கிறது என்று பார்தி ஏர்டெல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2017 ஜூனில், விசாரணைக்கே உத்தரவிடாமல் ஆணையம் அதை முடித்துவைத்தது.

பெரிய இடத்துச் சமாசாரம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த முடிவுக்கு இடம் கொடுப்பது சட்டம் எழுதப்பட்ட விதமே. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்தும் நிறுவனத்தைத்தான் தொடும். ஜியோவின் பங்கு அப்போது 7 சதவீதத்துக்கும் கீழே. பின்னால் நிற்கும் ரிலையன்ஸின் பணபலத்தை ஏர்டெல் சுட்டிக்காட்டியும், அது மட்டும் போதாது என்றது ஆணையம். இதில் நியாயம் உண்டு. புதிதாக வருகிறவர் விலையைக் குறைக்காமல் வேறெப்படி வாடிக்கையாளரைப் பிடிப்பார்?

அடுத்த சிக்கல், அடக்கவிலை என்பது எது என்பதில். 2018 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் வகுத்த விதி, சராசரி மாறும் செலவுக்குக் கீழே விற்றால்தான் தவறு என்றது. டவர், அலைக்கற்றை, கேபிள் எல்லாவற்றுக்கும் பணம் கொட்டியாகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தில் இன்னொருவர் ஏறினால் கூடுதல் டீசல் எவ்வளவு ஆகும்? ஒரு ஜிபி கூடுதலாகப் போவதும் அப்படித்தான். இந்த அளவுகோலில் ஏறக்குறைய எந்தக் கட்டணமும் தப்பிவிடும். அதோடு, சந்தை வலிமைக்கு 30 சதவீத வாடிக்கையாளர் அல்லது வருவாய் வேண்டும் என்று வைத்துவிட்டு, நெட்வொர்க்கில் ஓடும் டேட்டாவின் அளவைக் கணக்கிலிருந்து நீக்கியது டிராய். ஜியோவின் பலமே அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தொலைத்தொடர்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான டிடிசாட் விதியின் இந்தப் பகுதிகளை ரத்து செய்தது.

இதற்கிடையில் ஏர்செல் நிறுவனம் திவாலானது. தமிழ்நாட்டில் சிக்னல் போன போனை வைத்துக்கொண்டு, எண்ணை மாற்ற போர்ட் கோடு வராமல் மக்கள் அலைந்தார்கள். பழைய கடனும், ஆர்காம் நிறுவனத்துடனான இணைப்பு முறிந்ததும் அந்தத் திவாலுக்குக் காரணங்கள், பழியெல்லாம் ஜியோவுடையதல்ல. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆனது. ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் அதே சமயத்தில் ஏற்றினார்கள். ஆனாலும் இன்றைக்கும் இங்கே டேட்டா மலிவுதான். பட்ட நஷ்டத்தை வாடிக்கையாளரிடம் வசூலித்துவிட்டார்கள் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது.

ஆதிக்கம், அடக்கவிலை, உள்நோக்கம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத விதி ஒன்று ஜியோ வந்தபோதே டிராயிடம் இருந்தது: அறிமுகச் சலுகை 90 நாளைத் தாண்டக்கூடாது. ஜியோ தினசரி 4 ஜிபியை 1 ஜிபியாகக் குறைத்து, பெயரை மாற்றியதும், இது வேறு சலுகை என்று டிராய் ஏற்றுக்கொண்டது. 2017 ஏப்ரலில் மூன்றாவது சலுகை வந்தபோதுதான் திரும்பப் பெறச் சொன்னது, ஜியோவும் திரும்பப் பெற்றது. அந்தச் சொல் முந்தைய டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டும்.