ஊசிக்கு முன் ஒரு தாள்

மாரி காலம் வந்துவிட்டால் பொத்துவில் கரையிலே இரவுக் காற்றுச் சற்றுக் குளிர்ந்தே வீசும். எனினும் கம்பளி வேண்டுமளவு குளிர் நமக்கில்லை. பழைய சேலையும் சாரமும் இரண்டு மூன்று அடுக்காகச் சேர்ந்தாலே போதும். ஆகையால் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது நம் இல்லங்களுக்கு ஏற்ற கைத்தொழில். மருதமுனைக் கைத்தறித் துணியின் வெட்டுத் துண்டுகள் வீட்டில் கிடந்தால் அவையும் இதற்கு உகந்தவை.

துண்டுகளை அளந்து வெட்டி, நிறம் பார்த்து இணைத்து, மேற்றுணியை முடிக்கும் வரையில் நம்மிற் பலர் மிகுந்த பொறுமை காட்டுகின்றோம். அதன்பின் அடித்துணியை விரித்துக் கண்டபடி ஊசியை ஓட்டிவிடுகின்றோம். போர்வை கெடுவது இங்கேதான். அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையலே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றது. ஓரிடத்தில் நெருக்கியும் மற்றோரிடத்தில் விலக்கியும் தைத்தால், நெருங்கிய இடம் சுருங்கும். விலகிய இடம் உப்பும். உள்ளே பஞ்சு வைத்திருந்தால் சலவையிலே அது திரண்டு ஒருபக்கம் ஒதுங்கிவிடும்.

இதற்கு வழி யாது? ஊசியை எடுக்குமுன் தாளை எடுத்தல் வேண்டும். பிள்ளைகளின் கணக்குக் கொப்பியிலுள்ள சதுரத் தாள் போதுமானது. ஒரு சதுரத்தை 3 அங்குலமாகக் கொண்டால், 5 அடி அகலமும் 7 அடி நீளமுமான போர்வை 20 சதுர அகலத்திலும் 28 சதுர நீளத்திலும் அடங்கும். துண்டுகளை அவ்வவற்றின் இடத்தில் வரைந்து, பூவும் கோடும் உள்ள துணிகளைப் பென்சிலால் நிழலிட்டு, வெறும் நிறத் துணிகளை வெண்மையாகவே விட்டுவிடலாம். அதன்மேல் எண்ணெய்த் தாளை வைத்துத் தையற் கோடுகளை வரைந்து பார்த்தால், பிழைத்தாலும் கெடுவது தாளேயன்றித் துணியன்று.

நிழலிட்ட படம் ஓர் உண்மையைப் புலப்படுத்தும். பூவும் கோடும் மலிந்த துணியில் எத்துணை அழகிய தையலும் கண்ணுக்குத் தோன்றாது; வெறுந் துணியிலேதான் அது துலங்கும். ஆகவே சாரத்தின் கட்டங்கள்மேல் நேர்கோடு போதும். அலையோ பூவோ தைக்க விருப்பமாயின் அதனை வெறுந் துணிக்கென வைத்துக்கொள்ளல் நன்று. மாதிரிக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. பாயிலே சாய்வாகக் குறுக்கிடும் பின்னலும், வயலைப் பிரிக்கும் வரம்புகளும், அறுகம்பையின் அலைகளும் நம் கண்முன்னேயே உள்ளன.

துணி அடுக்குகள் மட்டுமாயின் கோட்டுக்குக் கோடு 3 அங்குலம் விடலாம். பஞ்சு வைத்தால் 2 அங்குலத்துக்கு மேல் விடலாகாது. இணைப்புகளின் ஓரம் தடித்திருக்கும். உள்மடிப்பைக் கடந்து கோட்டை அமைத்தால் ஊசி இலகுவாக இறங்கும். தேய்ந்த சவர்க்காரத் துண்டினாற் குறியிட்டால் கழுவும்போது மறைந்துவிடும். நடுவிலே தொடங்கி ஓரம் நோக்கித் தைப்பது பொதுவழக்கு. சுருக்கங்கள் வெளியே தள்ளப்படும். ஆபிரிக்க வழிவந்த கர்நாடகத்துச் சித்திப் பெண்களோ ஓரத்திலே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவர். மூலைகளில் சிறு துணிப் பூக்களை வைத்த பின்னரே போர்வை நிறைவுற்றதாகக் கொள்வர். எவ்வழியாயினும் தொடங்கிய ஒழுங்கை இறுதிவரை காத்தலே முக்கியம்.

பழந்துணிக்கு இத்தனை கவனமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1942 ஆம் ஆண்டில் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002 ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்டு உலகின் கவனத்தைப் பெற்றன. மிசூரி அம்மையார் தைத்த நாளில் அவர் எண்ணத்தில் இருந்தது காட்சிச்சாலையன்று, கணவரின் நினைவே.

நமது கரையிலும் 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்த வீடுகள் பல. அத்தகைய வீடொன்றில் ஒருவரது நினைவாக எஞ்சியது ஒரு சாரமே எனின், அதனை மறுபடி எந்தக் கடையில் வாங்குவது? நைந்த அத்துணியின் அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, வகுத்த கோட்டிலே தைத்தால் இன்னும் பல்லாண்டு நிலைக்கும். கண்டபடி தைத்தால் இழுபட்டுக் கிழியும்.

ஆகவே வரும் விடுமுறையில், மாணவர்களே, உங்கள் கணக்குக் கொப்பியில் ஒரு தாளை ஒதுக்குங்கள். உம்மாவும் மூத்தம்மாவும் துணிகளைத் தெரிந்து தரட்டும். நீங்கள் அளந்து வரைந்து கொடுங்கள். எந்தத் துண்டு யாருடைய உடையிலிருந்து வந்தது என்பதையும் அத்தாளிலேயே எழுதிவையுங்கள். பிற்காலத்தில் அப்போர்வையைப் போர்த்துவோர்க்கு அது பயன்படும்.