தீர்ப்பை நீதிமன்றம் வரை கொண்டு சேர்ப்போம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகி வந்தன. 2021இல் இது உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். அந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141ஆவது உறுப்பு. ஆனால் குற்றவியல் நடுவர் முன்பும் சார்பு நீதிபதி முன்பும் அந்தச் சட்டத்தை உரிய நேரத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர். அவர் சொல்லாவிட்டால் தீர்ப்பு சட்ட இதழ்களின் பக்கங்களிலேயே தங்கிவிடும்.

அர்னேஷ் குமார் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். 2014 ஜூலையில் வந்தது. வரதட்சணைக் கொடுமை வழக்கில் பிறந்ததால், அது 498-ஏ வழக்குகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கைது ஏன் தேவைப்பட்டது என்பதற்கான காரணங்களையும் ஆதாரங்களையும் காவல் அதிகாரி நடுவர் முன் வைக்க வேண்டும். நடுவர் அவற்றைப் படித்து, தம் மனநிறைவைப் பதிவுசெய்த பின்னரே காவலில் வைக்க அனுமதிக்கலாம். ஆகவே இந்தத் தீர்ப்புக்கு வேலை ரிமாண்டு நேரத்தில்தான். ஜாமீன் மனுவில் அதை மேற்கோள் காட்டும்போது கட்சிக்காரர் ஏற்கெனவே சிறைக்குள் இருப்பார். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, ரிமாண்டு எவ்வளவு கவனத்துடன் நடக்க வேண்டிய காரியம் என்பதைத் தமிழ்நாடே கண்டது. அந்த நேரத்தில் எழுந்து நின்று பேச ஒரு வழக்கறிஞர் இருப்பது உயிரைக் காக்கும் வேலை.

சொத்து வழக்குகளில் வினீதா சர்மா தீர்ப்பின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு வழங்கிய அந்தத் தீர்ப்பு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்றது. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற பிரகாஷ் எதிர் பூலவதி தீர்ப்பு அதனால் செல்லாததானது. இவ்வளவும் நாம் அறிந்ததே. வழக்கின் முடிவை மாற்றுபவை அந்தத் தீர்ப்பில் அடுத்து வரும் பத்திகள். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுபெற்ற பத்திரம் மூலமோ தீர்ப்பாணை மூலமோ முடிந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற எதிர்வாதத்தை, பொது ஆவணங்கள் துணை நிற்கும் அரிதான நேர்வுகளில் மட்டுமே ஏற்கலாம். முதனிலைத் தீர்ப்பாணை ஆகிவிட்டாலும், வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் மகளுக்குப் பங்கு உண்டு. அதே சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட 1989 திருத்தம், அது நடைமுறைக்கு வந்த மார்ச் 25க்கு முன் திருமணமான மகள்களை விலக்கியிருந்தது. ‘அப்போதே கல்யாணமாகிவிட்டது, பங்கு கிடையாது’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களின் கோப்புகளை இன்று மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்திலிருந்து சென்ற அருணாசலக் கவுண்டர் வழக்கையும் உடன் வைத்துப் படிக்கலாம். 1956க்கு முன் உயிலின்றி இறந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து, அவருடைய சகோதரர் மகனுக்குப் போகாமல் மகளுக்கே சேரும் என்று 2022 ஜனவரியில் அதில் தீர்ப்பானது. இரண்டு தீர்ப்புகளின் களமும் வேறு. பூர்வீகச் சொத்தா, சுயசம்பாத்தியமா என்று பிரிக்காமல் பிராது எழுதினால் எந்தத் தீர்ப்பும் உதவிக்கு வராது.

ஒரு தீர்ப்புக்குப் பின் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்றது 2013இன் லலிதா குமாரி தீர்ப்பு. அதில் சில வகை வழக்குகளின் முதற்கட்ட விசாரணைக்கு ஏழு நாள் வரம்பு இருந்தது. 2014இல் அதே நீதிமன்றம் அதைப் பொதுவாகப் பதினைந்து நாள் என்றும், விதிவிலக்கான நேர்வுகளில் ஆறு வாரம் என்றும் மாற்றியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பதினான்கு நாள் வரம்பு வகுத்திருக்கிறது. பழைய ஏழு நாளையே இன்றும் மனுவில் எழுதினால் நம் வாதம் அங்கேயே வலுவிழக்கும்.

மின்னணுச் சான்றிலும் இதே நிலைதான். அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி(4) சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உறுதியானது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி முன்வைத்தால் சான்றிதழ் வேண்டாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். பழைய படிவத்தோடு போனால் ஆவணத்தைக் குறியீடு செய்யும்போதே ஆட்சேபம் எழும்.

எனவே நம் வாசகர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். தலைக்குறிப்போடு நிறுத்தாமல் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். எந்த உண்மைகளின் மேல் அது நிற்கிறது, பின்னர் திருத்தப்பட்டதா, புதிய சட்டத்தில் அதற்கு நிகரான பிரிவு எது, வாசகம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வழக்கறிஞர் சங்கங்கள் மாதம் ஒரு மாலையை ஒரே ஒரு தீர்ப்புக்கு ஒதுக்கலாம். மூத்தவர்கள் பேச, இளையவர்கள் கேள்வி கேட்கட்டும். நீதிமன்றத்துக்கு வரும் கட்சிக்காரருக்கு அர்னேஷ் குமார் யார், வினீதா சர்மா யார் என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. அந்தக் கடமை வக்காலத்தில் கையெழுத்திட்ட நமக்குத்தான் இருக்கிறது.