ஒன்பதாம் இடத்துக்குப் பிறகு



ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ‘லூப்’ என்று ஒரு தாவல் உண்டு. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே வந்து, வலது காலின் வெளி விளிம்பில் நின்றபடி, இடது காலை ஊன்றாமல் மேலெழும்பிச் சுழல வேண்டும். ஷூவுக்கு அடியில் இருக்கும் பிளேடின் அகலமோ சுமார் 4 மில்லிமீட்டர். ‘லட்ஸ்’ என்ற கடினமான தாவலில் மூன்று சுற்று சுழன்று இறங்கிய கையோடு, இறங்கிய அதே காலால் மறுபடி எழும்பி லூப்பிலும் மூன்று சுற்று சுழன்றார் ஒரு பெண். போட்டிக் களத்தில் இதைச் செய்துகாட்டிய முதல் பெண் அவர்தான். 2000ஆம் ஆண்டு கிராண்ட் பிரி இறுதிப் போட்டி அது. மாஸ்கோவில் பிறந்த இரினா ஸ்லுட்ஸ்காயாவுக்கு அப்போது வயது 20.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் உலகப் போட்டிக்கான ரஷ்ய அணியில்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1996இல், 16 வயதில், ஐரோப்பியப் பட்டம் வென்ற முதல் ரஷ்யப் பெண் என்று கொண்டாடப்பட்டவர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1999இல் தேசியப் போட்டியில் பின்தங்கி அணியில் இடம் கிடைக்காமல் போனார். அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்றது அவருடைய நாட்டுக்காரரான மரியா புதிர்ஸ்காயா. இனி ஸ்லுட்ஸ்காயா எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்தவர்களுக்குத்தான் மறு ஆண்டு அந்த இரட்டைத் தாவல் பதில் சொன்னது.

அவருடைய இன்னோர் அடையாளம், பீல்மன் சுழற்சி. ஒரு காலில் சுழன்றுகொண்டே மறு காலைப் பின்னாலிருந்து தலைக்கு மேலே தூக்கி, பிளேடைக் கைகளால் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு வில்லாக வளையும். ஒரு பக்கம் செய்வதே பலருக்குப் பெரும்பாடு. ஸ்லுட்ஸ்காயா கால் மாற்றி, இரண்டு பக்கமும் செய்தார். பலமும் நெகிழ்வும் ஓர் உடலில் இப்படிச் சேர்ந்து அமைவது அபூர்வம்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிக் கணக்கில் அமெரிக்காவின் சாரா ஹியூஸும் அவரும் சமநிலை. ஃப்ரீ ஸ்கேட் என்ற இறுதிச் சுற்றில் முந்தியவருக்கே தங்கம் என்பது விதி. அந்தச் சுற்றில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ஹியூஸ் பக்கம். வெள்ளியோடு திரும்பிய ஸ்லுட்ஸ்காயா, அடுத்த மாதமே நாகானோவில் உலகப் பட்டம் வென்றார்.

இதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். 2003இல் அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரக நோய் முற்றியது. நான்கு வயதில் அவரைப் பனிக்களத்துக்கு அனுப்பிவைத்தவர் அந்த அம்மா. உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய போட்டியை விட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் இருந்தார் மகள். அதே ஆண்டில் அவருடைய உடம்பும் படுத்தியது. கால்கள் வீங்கின. கடைசியில் ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் ‘வாஸ்குலைட்டிஸ்’ என்று தெரியவந்தது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதி மருத்துவத்திலேயே கழிந்தது. 2004 மார்ச்சில் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் நடந்த உலகப் போட்டிக்கு வந்தார். ஒன்பதாம் இடம்.

அந்த முடிவை மட்டும் பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் கிராண்ட் பிரி இறுதியிலும் ஐரோப்பியப் போட்டியிலும் வென்றுவிட்டு, 2005 மார்ச்சில் சொந்த ஊரான மாஸ்கோவில், சொந்த மக்களின் முன்னால், மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார். முதல் உலகப் பட்டம் பழைய 6.0 மதிப்பெண் முறையில் வந்தது. இது முற்றிலும் மாறிவிட்ட புதிய புள்ளி முறையில். நோயிலிருந்து மீண்டதோடு நிற்காமல், மாறிப்போன ஆட்டத்தையும் புதிதாகக் கற்றிருக்கிறார். 2006இல் ஏழாவது ஐரோப்பியப் பட்டம். சோன்யா ஹெனி, கத்தரினா விட் இருவரும் ஆறு முறை வென்றிருந்தார்கள். அந்தச் சாதனையை அவர் கடந்தார்.

தங்கத்தோடு கதை முடியவில்லை. அதே 2006இல் டூரின் ஒலிம்பிக்கில், முதல் சுற்றில் முதலிடத்துக்கும் அவருக்கும் 0.03 புள்ளிதான் வித்தியாசம். இறுதிச் சுற்றில் விழுந்தார். வெண்கலம். தங்கம் ஜப்பானின் ஷிசுகா அராகவாவுக்குப் போனது. அத்தோடு போட்டிகளிலிருந்து விலகினார். இருந்தாலும் அவரைத் தோற்றவராக ரசிகர்கள் யாரும் நினைப்பதில்லை.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மன உறுதியால் வீக்கம் வடியாது. நோய் இன்னதென்று கண்டுபிடிக்க மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், கால அவகாசம் வேண்டும். கூடவே, காத்திருக்க ஒரு மனிதர் வேண்டும். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து கடைசிப் போட்டிவரை ஸ்லுட்ஸ்காயாவுக்கு ஒரே பயிற்சியாளர்தான்: ஜன்னா குரோமோவா. அணியில் இடம் போனபோதும், ஒன்பதாம் இடம் வந்தபோதும் அவர் மாறவில்லை. அந்தப் பெயரையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெற்றோரைக் கவனிப்பதற்காகவோ, தன் உடம்புக்காகவோ ஓராண்டு, ஈராண்டு ஒதுங்கியிருந்துவிட்டு வேலைக்கும் படிப்புக்கும் திரும்புகிறவர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர். வந்த புதிதில் அவர்கள் தடுமாறத்தான் செய்வார்கள். அதிகாரியாக, ஆசிரியராக, வீட்டுப் பெரியவராக அவர்களைக் கணிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்த முதல் தடுமாற்றத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இன்னும் ஒரு பருவம் கொடுங்கள். திரும்பி வந்தவர் நீங்களாகவே இருந்தால், அந்த அவகாசத்தை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்