நன்றி மறவாத சுரங்கத் தொழிலாளர்

1984 மார்ச்சில் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். சங்க நிதி முடக்கப்பட்டது. அப்போது லண்டன் வீதிகளில் வாளியேந்தி வசூலித்து, தெற்கு வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குக்கு அனுப்பியவர்கள் யார்? ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும்தான்! முதலாளிப் பத்திரிகைகள் இழிவுபடுத்திய மக்கள் அவர்கள். முன்னணியில் நின்றவர் இளம் கம்யூனிஸ்டு மார்க் ஆஷ்டன்.

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது, ஐக்கியம் தோற்கவில்லை. ஜூனில் அம்மக்களின் லண்டன் ஊர்வலத்துக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கொடியேந்தித் தலைமை தாங்கினர். அவ்வாண்டே தொழிற்கட்சி மாநாட்டில், சமஉரிமைத் தீர்மானம் சுரங்கச் சங்க வாக்குபலத்துடன் நிறைவேறியது.

வெள்ளையன் 1860ல் போட்ட சட்டம் இங்கும் இம்மக்களைக் குற்றவாளிகளாக்கியது; 2018ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தகர்த்தது. ஏளனம் மட்டும் ஒழியவில்லை. தோழர்களே! ஜாதி சொல்லி நம்மைப் பிரிப்பவனுக்கு இந்த ஏளனமும் ஓர் ஆயுதமே. அதை நம் சங்கத்திலிருந்து விரட்டுவோம்!