பாவுக்கு அடியில் ஒரு பையன்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை ஒன்றிய அரசு அறிவித்தது 2025 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று. நாள் பார்த்துத்தான் செய்தார்களா, தெரியவில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவை நாம் முன்பே பேசியாயிற்று: பதினெட்டு நிரம்பாதவரின் தரவைத் தொடப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். பதினெட்டு மாத அவகாசம் 2027 மே மாதம் முடிகிறது.

"எங்கள் ஒளிப்படங்கள் கலை" என்று எழுதிக் கேட்கும் வாசகர்களுக்கு: சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. ஆய்வுக்கும் ஆவணக்காப்புக்கும் நிபந்தனையோடு உண்டு. கலைக்கு இல்லை. 2019 மசோதாவில் இருந்த இதழியல் விலக்கும் காணாமல் போயிற்று. ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். 85ஆம் பிரிவில் கலை வெளிப்பாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

ஒப்புதல் கேட்பதில் எனக்குச் சண்டை இல்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ படம் எடுத்து, கேட்காமல் வலையில் ஏற்றி, லைக் எண்ணுகிறவர்கள் நம்மிலும் உண்டு. வரிசைதான் இடிக்கிறது. ஆரணி நெசவாளர் தெருவில் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள். அடியில் ஒரு பையன் தவழ்ந்து போவான், பின்னால் இன்னொருவன். நூலில் தலை பட்டால் அவுட். அப்பாவைத் தறிக்குழியிலிருந்து எழுப்பி, டிஜிலாக்கர் டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பினால், இருவரும் கைகட்டி வரிசையில் நிற்பார்கள். ஒளிப்படக் கலைஞர் ஹெலன் லெவிட் நியூயார்க் பிள்ளைகளைச் செங்கோண வ்யூஃபைண்டரில் எடுத்தது இதைத் தவிர்க்கத்தான். முதலில் எடுங்கள், உடனே வீட்டில் போய்ச் சொல்லுங்கள், வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள், சம்மதித்தால் ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். விதி இதற்கு இடம் தர வேண்டும் என்பதே இந்த இதழின் நிலை.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது 3ஆம் பிரிவில் இருக்கும் ஒரு சிறு தொடர்: முதலில் வேறு வடிவில் இருந்து, பின்னர் டிஜிட்டலாக்கப்பட்ட தரவுக்கும் சட்டம் பொருந்தும். நெகடிவ் பெட்டியில் கிடக்கும்வரை குற்றமில்லை. ஸ்கேனரில் வைத்தால் சட்டம் எழுந்து உட்காரும். பத்திரிகைத் தாளில் அச்சிடவும் ஸ்கேன் செய்துதானே ஆக வேண்டும்!

என்னிடம் 1986இல் ஆரணியில் எடுத்த ஒரு ரோல் இருக்கிறது. ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம். வண்ணத்தில் எடுத்திருந்தால் பட்டு முந்திக்கொண்டிருக்கும். கருப்பு வெள்ளையில் பாவு வெறும் வெள்ளைக் கோடுகளாக ஒதுங்கி, பையனின் முழங்கால் புழுதி முன்னால் வருகிறது. அவனுக்கு இன்று ஐம்பதை ஒட்டி வயது. பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. ஒப்புதலை யாரிடம் போய்க் கேட்பது? இந்நேரம் இறந்துபோயிருக்கக்கூடிய அவன் அப்பாவிடமா? அசிடேட்டில் வினிகர் வாடை தொடங்கிவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்குள் ஸ்கேன் செய்யாவிட்டால் கேட்கவும் ஒன்றும் மிஞ்சாது.

இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் நெகடிவ்கள் அழிவதைப் பற்றியேதான் எழுதிவருகிறேன், சலித்தவர்கள் பொறுத்தருள்க. மூடிய ஸ்டுடியோக்களின் நெகடிவ்கள் வெள்ளி எடுக்க எடைக்குப் போயின. பழம்புடவைச் சரிகைக்கும் நெகடிவ் கட்டுக்கும் ஒரே ஆள் விலை சொன்னதை என் காதால் கேட்டேன். தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தொகுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், அதுவும் பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் நல்கையில். நம் அரசுகள் அப்போது எங்கே இருந்தன? அந்த இந்து ஃபிலிமைச் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸைச் சாகவிட்டார்கள். நெகடிவ்களைக் கரையான் அரித்தபோது விதி எழுத ஓர் அதிகாரிக்கும் கை வரவில்லை. மிஞ்சியதை ஒளியில் வைக்கும்போது மட்டும் கோடிகளில் தண்டம்!

ஆவணக்காப்பு விலக்கு தனியாரின் பழைய நெகடிவ்களுக்கும், அவற்றைக் காட்சிக்கு வைப்பதற்கும் பொருந்தும் என்று அமைச்சகம் எழுத்தில் தர வேண்டும். கோரிக்கை அனுப்பியாயிற்று.

ஆரணிப் படம் நடுப்பக்கத்தில் இருக்கிறது. 2027 மே இன்னும் வரவில்லை.