விசையா, எழுத்தா?

தமிழில் எழுதுகிறவன் கம்ப்யூட்டரிடம் கேட்கும் வரம் மிகச் சின்னது. "எந்த எழுத்து வந்தது என்று மட்டும் பார்க்காதே, அப்பா; எந்த விசையைத் தட்டினேன் என்றும் பார்" என்பதுதான் அது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பாஷையை மாற்றத்தான் ஒரு பொத்தான் இருக்கிறதே, சார்! தட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்கிறார்கள்.

அந்தப் பொத்தானின் லட்சணத்தைச் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நாவல் எழுதுவது 'விம்' என்ற புரோகிராமில். கறுப்புத் திரை, அதில் எழுத்து; வேறு அலங்காரம் கிடையாது. எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டால் எழுத்து விசைகளெல்லாம் கட்டளைகளாகிவிடும். ஹெச், ஜே, கே, எல் என்ற நான்கும் முறையே இடது, கீழ், மேல், வலது என்று நகர்த்தும். ஆனால் 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் அதே நான்கு விசைகளும் க, ப, ம, த. கீழே இறங்கலாம் என்று ஜேயைத் தட்டினால் 'ப' போய் நிற்கிறது. விம் விழிக்கிறது. ஒரு வரி இறங்குவதற்கு நான் இங்கிலீஷுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு அத்தியாயத்துக்குள் எத்தனை பிரயாணம்!

இது தந்தி யந்திரம் விட்டுப்போன சொத்து. இந்தக் கறுப்புத் திரைக்கு டெர்மினல் என்று பெயர், டெலிடைப்பின் வாரிசு. கம்பி வழியே எழுத்துத்தான் போகும், விரல் போகாது. 1963-ல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி முறையில் கண்ட்ரோலோடு எம்மைத் தட்டினாலும் 13, என்டரைத் தட்டினாலும் 13. கண்ட்ரோலோடு ஐ என்றாலும் 9, டாப் என்றாலும் 9. அம்பு விசை, எஃப்1 போன்றவை எஸ்கேப்பை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று எழுத்தாகப் போகின்றன. ஆகவே வெறும் எஸ்கேப் வந்தாலும், பின்னால் ஏதாவது வருகிறதா என்று புரோகிராம் சற்றுக் காத்திருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலால் பேர் பெற்ற ஊர் இது. தவிலின் ஒரு தலையில் கம்பு, மறு தலையில் கூடு மாட்டிய விரல்கள். எந்த அடி எங்கே விழுந்தது என்று பாராமல் சத்தத்தை மட்டும் குறித்துக்கொள்கிறவன் தவில் கற்றுக்கொள்வானா?

"பழைய ஏற்பாடு, மாற்ற முடியாது" என்பது சோம்பேறியின் வாதம். கோவித் கோயல் என்ற இந்தியர் 'கிட்டி' என்ற டெர்மினலைச் செய்து, வந்த எழுத்து, அது உட்கார்ந்திருக்கும் விசை, கூட அழுத்திய ஷிப்ட், கண்ட்ரோல் எல்லாவற்றையும் தனித்தனியே சொல்ல ஒரு வழி வகுத்திருக்கிறார். விம்மிலேயே, எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு விசை என்று பிரித்து வைக்க இடம் உண்டு. வழி இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்கிற பாரத்தை எழுதுகிறவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

இங்கிலீஷ்காரனுக்கு விசையும் எழுத்தும் ஒன்று, பேதம் தெரியவில்லை. ருஷ்யனும் கிரேக்கனும் நம்மைப் போலவே அவஸ்தைப்படுகிறார்கள். நாம் வாயை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நாலு நாள் தட்டிப் பார்த்த பையன், ஐந்தாம் நாள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதத் தொடங்குவான். அவனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை இருக்கும்?