வயதாகிவிட்டதல்லவா?



கோபிநத்தம் போன்ற எல்லையோரத் தமிழ்க் கிராமங்களில் பெற்றோரை விட்டு, பிழைப்புக்காக மைசூரிலும் பெங்களூரிலும் குடியேறிய நம்மவர் எழுதித் தரும் ஜெபக்குறிப்புகளில் அடிக்கடி காணும் வார்த்தை 'பலவீனம்'. "அம்மாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டதல்லவா" என்று தொலைபேசியிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு சரிதானா?

வேதாகமத் தமிழ் 'ஊன்' என்பதை மருத்துவர்கள் எலும்பு மஜ்ஜை என்கிறார்கள். இரத்த அணுக்கள் பிறப்பது அங்கேதான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்கள்! அவற்றின் ஆயுள் சுமார் 120 நாட்களே ஆகையால் அந்தப் பட்டறைக்கு ஓய்வு கிடையாது. குழந்தையின் எலும்புகள் எல்லாவற்றிலும் இருக்கும் செம்மஜ்ஜை, வளர்ந்தபின் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா முதலியவற்றில் ஒடுங்க, கைகால் எலும்புகளைப் பெரும்பாலும் கொழுப்பு நிரப்புகிறது.

முதுமையில் மூல அணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை, கூடவும் செய்யும். திறன்தான் மங்குகிறது. நோயை எதிர்க்கும் லிம்போசைட்டுகளை அவை குறைவாகவே பிறப்பிக்கின்றன. அன்றியும், மரபணு மாறிய ஒரே மூல அணுவின் வம்சம் மஜ்ஜையில் பெருகத் தொடங்கலாம். 40 வயதுக்குள் அரிதான இந்நிலை, 70 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இருப்பதை 2014-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. இவர்களில் வெகு சிலருக்கே இரத்தப் புற்றுநோய் வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெறும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் போன்றவற்றுக்கு, கூடுமானவரை இளவயதுக் கொடையாளரை மருத்துவர்கள் தேடுவதும் முதுமையின் இம்மாற்றங்களை எண்ணியே.

ஆனால் கவனியுங்கள்: மஜ்ஜை முதிர்ந்ததினாலேயே இரத்தசோகை வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரைப் பற்றி 2004-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இரத்தசோகை கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் சத்துக்குறைவு. இன்னொரு பங்கினருக்குச் சிறுநீரகக் கோளாறு அல்லது நாட்பட்ட நோய். காரணம் விளங்காதோர் எஞ்சிய ஒரு பங்கினரே. பல் போன நம் தாய்மார் சோற்றை ரசத்தில் கரைத்து உண்டே நாட்களைக் கழிக்கிறார்கள். பி12 எங்கிருந்து வரும்? இரும்புச்சத்து குறைந்திருந்தால் குடலில் இரத்தக் கசிவு உண்டா என்றும் பார்க்கவேண்டும். மூட்டுவலிக்கு ஓயாமல் விழுங்கும் மாத்திரைகளாலும் அது நேரிடும்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது, டானிக் பாட்டிலோடு நின்றுவிடாமல், முழு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் கூடவே குறைந்திருந்தால் இரத்தநோய் நிபுணரிடம் செல்லுங்கள். அவர் மஜ்ஜையைச் சோதிக்கச் சொன்னால் திகைக்கவேண்டாம். இடுப்பெலும்பில், அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, ஊசியால் சிறிதளவே எடுப்பார்கள்.